சூரியப் புயலும் தனம் அத்தையின் சோளமும்

தமிழ்மொழிக்கு மேடை என்றால் பயம் கிடையாது. மேடைக்குத்தான் அவளைக் கண்டால் பயம் என்று ஊரில் கேலி செய்வார்கள். சுதந்திர தினமா, ஆண்டு விழாவா, புதுக் குடிநீர்த் தொட்டித் திறப்பு விழாவா, எதுவானாலும் மைக்கை அவள் கையில் கொடுப்பது சுலபம். திரும்ப வாங்குவதற்குத்தான் ஆள் தேட வேண்டும்.

குரும்பலூரிலிருந்து டவுன் பஸ் போகும் ஒரு சின்ன ஊரில், ஊராட்சி நடுநிலைப் பள்ளியில் அவள் ஏழாம் வகுப்புப் படித்தாள். பிப்ரவரி கடைசியில் அறிவியல் நாள் வந்தது. சுகன்யா டீச்சர் அவளுக்குக் கொடுத்த தலைப்பு, 'விண்வெளிக் கதிர்வீச்சும் ஓசோன் படலமும்'. தலைப்பே கரும்பலகையை அடைத்துக்கொண்டு நின்றதில் தமிழ்மொழிக்கு ரொம்பத் திருப்தி.

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"மேகத்துக்கும் மேல, ரொம்ப உயரத்துல ஓசோன்னு ஒரு வாயு இருக்கு. சூரியன்லேருந்து வர்ற புற ஊதாக் கதிர்ல பெரும்பகுதிய அதுதான் தடுக்குது. புரியுதா?"

"புரியுதுங்க டீச்சர். குடை மாதிரி."

"ஆமா. சில சமயம் சூரியன்லேருந்து புயல் மாதிரி ஒண்ணு கெளம்பும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் வேகமா வந்து மேல்காத்துல மோதும். அங்க இருக்குற நைட்ரஜன் ஒடைஞ்சு வேற வாயுவா மாறும். அந்த வாயு ஓசோனைக் கொஞ்சம் அழிக்கலாம். கொஞ்சம்தான். அதுவும் பெரும்பாலும் துருவப் பக்கம். சில மாசத்துல பழையபடி ஆயிடும்."

"நட்சத்திரம் வெடிச்சா டீச்சர்?"

"பக்கத்துல ஏதாவது வெடிச்சா, நெறைய அழியலாம்னு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருக்காங்க. ஆனா அவ்வளவு பக்கத்துல வெடிக்கிற மாதிரி எந்த நட்சத்திரமும் இப்ப இல்ல. இதை மறக்காம சொல்லணும்."

தமிழ்மொழி தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். குரல் நன்றாக மேலே ஏறும். கை தானாக உயரும். சரியாக அந்த நேரம் பார்த்து 'கொஞ்சம்தான்' என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். 'அழிக்கலாம்' என்று சொன்னால் ஒரு கம்பீரமும் இல்லை. 'பழையபடி ஆகிவிடும்' என்று முடித்தால், அப்புறம் எதற்குக் கையை உயர்த்தினோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முதலில் அந்தச் சொற்களை மெதுவாகச் சொன்னாள். பிறகு ஒன்றை விட்டுப் பார்த்தாள். பேச்சு ஜம்மென்று இருந்தது. இன்னொன்றையும் விட்டாள். அறிவியல் நாள் வந்தபோது அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பொய் எதையும் தான் புதிதாகச் சேர்க்கவில்லை, சிலதை விட்டுவிட்டோம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பள்ளி வளாகமே நிறைந்திருந்தது. தமிழ்மொழி ஒரு பழைய குடைக்கம்பியில் நீலப் பாலித்தீன் தாளை ஒட்டி ஓசோன் குடை செய்திருந்தாள். அதன் கீழே களிமண்ணில் ஒரு மனிதன், ஒரு மாடு, ஒரு மக்காச்சோளச் செடி. மாடு கொஞ்சம் பூனை சாயலில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

"இந்த வாரம் சூரியனிலிருந்து ஒரு புயல் கிளம்பியிருக்கிறது. நான் சொல்லவில்லை, செய்தியில் சொல்கிறார்கள்," என்று தொடங்கினாள். அது உண்மைதான். காலையில் அவள் அப்பாவின் செல்போனில் அந்தச் செய்தி வந்திருந்தது.

பேசிக்கொண்டே எரியும் ஊதுவத்தியை நீலத் தாளில் வைத்தாள். சுருக்கென்று ஓர் ஓட்டை விழுந்தது. டீச்சர் ஓர் ஓட்டைதான் போடச் சொல்லியிருந்தார். முன்வரிசைக் குழந்தைகள் வாயைப் பிளந்ததைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. குடை முழுக்கப் பொத்தல் போட்டாள்.

"நம் குடை கிழியப் போகிறது. வெயிலில் நிற்கும் எதுவும் தப்பாது. மனிதர், மாடு, பயிர், எதுவுமே தப்பாது."

கைதட்டல் கூரையைத் தொட்டது. பெரம்பலூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு அவள்தான் என்று தலைமையாசிரியர் அங்கேயே அறிவித்துவிட்டார்.

சுகன்யா டீச்சரும் கைதட்டினார். ஆனால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் சொன்னதுல பாதியக் காணோமே?"

"நேரம் பத்தலங்க டீச்சர்."

"பெரம்பலூர்ல முழுசாச் சொல்லணும்."

"சரிங்க டீச்சர்."

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் தோழிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மஞ்சு இரண்டாம் வகுப்பு. முன்வரிசையில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டவள். கூட்டத்துக்குள் நுழைந்து தமிழ்மொழியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, சோளமும் கருகிடுமா?"

தமிழ்மொழிக்கு வாய் நிறைய மிட்டாய். திரும்பிக்கூடப் பார்க்காமல், "எல்லாமேதான்," என்றாள்.

அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று பிறகு அவள் எத்தனையோ தடவை ஏங்கினாள். அப்போது அவளுக்கு அது ஒரு பேச்சாகவே தோன்றவில்லை.

மஞ்சு ஏன் சோளத்தைப் பற்றிக் கேட்டாள் என்பதற்குக் காரணம் இருந்தது.

மஞ்சுவின் அம்மா தனம் கல்யாணமான நாளிலிருந்து மற்றவர்கள் காட்டில்தான் வேலை செய்தவர். பருத்தி எடுப்பார், களை எடுப்பார், வெங்காயத்தில் தாள் நறுக்குவார். மஞ்சுவின் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, பொங்கலுக்குத்தான் வருவார். இந்த வருஷம்தான் முதன்முதலாகத் தனம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போட்டிருந்தார். மெஷின் வைத்துக் கதிரடித்து, சோளத்தைக் கொண்டுவந்து, எல்லாரையும் போல வீட்டு முன்னால் தார்ச்சாலையின் ஓரத்தில் காயப் போட்டிருந்தார். பகலில் பரப்பிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், பனியில் நனையாமல் இருக்க. திங்கட்கிழமை வியாபாரி வருவார்.

"மொத வெள்ளாமை. மொதத் தரமாப் போவணும்," என்று தனம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் டிரைவரிடம்கூடச் சொன்னார். சாலையில் பாதியைச் சோளம் பிடித்துக்கொண்டிருந்ததால் அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கோயில் திருவிழாவுக்காகப் பள்ளி விடுமுறை. தனம் காலையில் சோளத்தைப் பரப்பிவிட்டுப் பருத்தி எடுக்கப் போனார். ஆடு, கோழி வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள மஞ்சு இருந்தாள்.

பத்து மணி வாக்கில் கடைக்குச் சைக்கிளில் போன தமிழ்மொழி, தனம் அத்தையின் சோளம் குவிந்து கிடப்பதையும், அதன் மேல் தார்ப்பாய் போட்டிருப்பதையும் பார்த்தாள். சுற்றிலும் கல் வைத்திருந்தது. மஞ்சு வேப்பமர நிழலில் அம்மாவின் பழைய புடவையைத் தலையிலிருந்து கால்வரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தது.

என்ன விளையாட்டோ என்று தமிழ்மொழி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் மனமெல்லாம் பெரம்பலூர் மேடையில் இருந்தது.

எதிர்வீட்டு வெள்ளைச்சாமி தாத்தாவும் அந்தத் தார்ப்பாயைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. "தனம் எதையோ தெரிஞ்சுதான் மூடியிருக்கும்," என்று ஓடிப்போய்த் தன் சோளத்தையும் அள்ளிக் குவித்து மூடினார். மத்தியானம்வரை மழை வரவில்லை. திட்டிக்கொண்டே மறுபடி பரப்பினார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் செல்போனைத் திட்டினார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த தனம், சோளம் குவித்து மூடியிருப்பதைப் பார்த்துப் பூரித்துப் போனார். தெருவெல்லாம் கேட்கும்படி மகளைப் புகழ்ந்தார்.

"நான் வர்றதுக்குள்ள தானே வாரி, மூடி வச்சிருக்கு பாருங்கக்கா. ஏழு வயசுப் புள்ள."

தமிழ்மொழியின் அம்மா தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்க. நீயும்தான் இருக்கியே." தமிழ்மொழிக்குக் கோபமாக வந்தது.

சனிக்கிழமை விடிவதற்குள்ளேயே பருத்திக்காட்டு வேன் வந்துவிட்டது. "கண்ணு, நீயே பிரிச்சு விட்டுடும்மா. நல்லாப் பரப்பி விடு," என்று தனம் வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு ஓடி வேனில் ஏறினார். நேற்று அவ்வளவு பொறுப்பாக இருந்த பெண்ணை இன்று நம்பாமல் எப்படி?

அன்று சாயங்காலம் தமிழ்மொழி வீட்டில் பேச்சுப் பயிற்சியில் இருந்தாள். "நம் குடை கிழியப் போகிறது" என்று சொல்லும்போது எந்தக் கையை உயர்த்துவது என்பதில் அவளுக்குப் பெரிய குழப்பம். வெளியே ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. புளித்த மாவு போல ஒரு வாடை வந்தது. அம்மா எழுந்து போனார். அவளும் பின்னால் போனாள்.

தனம் தார்ப்பாயை விலக்கியிருந்தார். குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உள்ள கொதிக்குதுக்கா."

அடியிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிலவற்றில் வெள்ளையாகப் பூசணம். சில மணிகளில் முளை எட்டிப் பார்த்தது.

"மஞ்சு, காலையில பிரிச்சுதான விட்ட?"

கதவோரம் நின்ற மஞ்சு தலையை ஆட்டினாள்.

தனம் அதை நம்பினார். கதிரடித்த மெஷின்காரர் ஈரத்தோடு அடித்துவிட்டார் என்றார். பனி அதிகம் என்றார். கடைசியில் சோளத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரைச் சொல்லி என்னாவப் போவுது. என் ராசி. எனக்கெல்லாம் சொந்த வெள்ளாமை ஒத்துக்காது போல."

தமிழ்மொழிக்கு அதைக் கேட்கப் பாவமாக இருந்தது. மஞ்சுவுக்காவது ஆறுதல் சொல்லலாம் என்று உள்ளே போனாள். மஞ்சு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிரிக்கலக்கா."

"ஏன்?"

"வெயில் பட்டா கருகிடும்னு நீதான சொன்ன. எல்லாமேன்னு சொன்னியே. அதான் நேத்தே அம்மா போனதும் குவிச்சு மூடிட்டேன். காப்பாத்தலாம்னுதான்க்கா செஞ்சேன்."

மஞ்சு குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள்.

"சோளத்த மூடிட்டேன். அம்மாவத்தான் எதால மூடறதுன்னு தெரியல. பருத்திக்காட்டுல நெழலே கெடையாது. போவாதம்மான்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிடுச்சு."

ஏழு வயசுக் குழந்தை இரண்டு நாளாக அம்மா திரும்பி வருவாளா என்று பயந்துகொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதைப் பார்த்துத் தான் சிரித்துக்கொண்டு போனதை நினைத்தபோது தமிழ்மொழிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. கைதட்டலுக்காகத்தானே அதெல்லாம் என்று நினைத்தாள். அந்தக் கைதட்டல் சத்தம் இப்போது காதைக் கூசவைத்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாதக்கா," என்றாள் மஞ்சு.

சொல்லாமல் இருந்துவிடலாம்தான். மெஷின்காரர் மேலும் பனியின் மேலும் பழி போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் வெளியே தனம் அத்தை இன்னும் 'என் ராசி, என் ராசி' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழ்மொழி மஞ்சுவின் கையைப் பிடித்தபடியே வெளியே வந்தாள்.

"அத்தை, உங்க ராசி இல்ல. நான்தான் காரணம்." மேடையில் தடுமாறாத குரல் இப்போது தடுமாறியது. பள்ளியில் பேசியது, பாதியை விட்டது, மஞ்சு கேட்டது, தான் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "மஞ்சுவ ஒண்ணும் சொல்லாதீங்க. அது காப்பாத்துறதா நெனச்சுதான் மூடியிருக்கு."

தமிழ்மொழியின் அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். தனம் அந்தக் கையைப் பிடித்தார்.

"அடிச்சா சோளம் காஞ்சிடுமாக்கா?"

பிறகு தமிழ்மொழியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. "நீ படிக்கிற புள்ள. நீ சொன்னா அது நம்பத்தான செய்யும்," என்றார்.

அடி வாங்கியிருந்தால் அன்றோடு மறந்திருப்பாள். இதை மறக்க முடியவில்லை.

தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லாருமாகச் சேர்ந்து குவியலைப் பிரித்தார்கள். அடியில் கெட்டுப்போனதைக் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டினார்கள். "மாட்டுக்குக்கூடப் போடக் கூடாது, வவுத்தக் கெடுத்துடும்," என்றார் தனம். ஒவ்வொரு கூடை கொட்டும்போதும் அவர் முகத்தைப் பார்க்கத் தமிழ்மொழிக்குத் தைரியம் வரவில்லை. மிச்சமிருந்ததை மெலிதாகப் பரப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். இருப்பது அந்த ஒரு பகல்தான். தனம் ஒரு பக்கம் உட்கார்ந்து மணிகளைச் சலித்தார். தமிழ்மொழி சோளத்துக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிட்டாள். அப்படி நடந்தால் அடியில் இருப்பது மேலே வரும். மஞ்சு மட்டும் வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை. புடவையை இன்னும் அவிழ்க்கவில்லை.

தமிழ்மொழி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மஞ்சு, நான் அன்னைக்குப் பாதிதான் சொன்னேன். மீதிய இப்பச் சொல்லட்டுமா?"

"ம்."

"சூரியப் புயல் வந்தா ஓசோன் கொஞ்சம் கொறையலாம். எவ்வளவு கொஞ்சம்னா, இவ்ளோ சோளத்துல ஒரு கோழி வந்து ரெண்டு கொத்து கொத்திட்டுப் போவுதுல்ல, அந்த மாதிரி. அதுவும் நம்ம ஊருக்கு மேல இல்ல, பூமியோட மேல் கோடியிலயும் கீழ்க் கோடியிலயும்தான் பெரும்பாலும். அப்புறம் வெயிலே மறுபடி ஓசோன உண்டாக்கிடும்."

"வெயிலா உண்டாக்கும்?"

"ஆமா. வெயில்தான் தெனமும் புதுசு புதுசா உண்டாக்குது."

மஞ்சு யோசித்தாள். "புயல் எப்ப வரும்?"

"அது நேத்து மத்தியானமே வந்துட்டுப் போயிடுச்சு. செய்தியில சொன்னாங்க."

"நேத்தா? நேத்து அம்மா வெயில்லதான இருந்துச்சு?"

"இருந்துச்சு. சாயங்காலம் நல்லாத்தான வூட்டுக்கு வந்துச்சு?"

மஞ்சு அம்மாவை எட்டிப் பார்த்தாள். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு சலித்துக்கொண்டிருந்தார். கை, கால், முகம் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

"இதெல்லாம் உனக்கு அன்னைக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

தமிழ்மொழி தரையைப் பார்த்தாள். "சொன்னா கைதட்டு கொறையும்னு நெனச்சேன்."

"நானும் தட்டுனேன்," என்றாள் மஞ்சு.

தமிழ்மொழிக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. எதை நம்புறது?" மஞ்சு கேட்டது நியாயம்தான். இனி எவ்வளவு அழகாகப் பேசினாலும் இவளிடம் எடுபடாது என்று தமிழ்மொழிக்குப் புரிந்தது.

"நீ நம்ப வேணாம். நான் வெயில்ல நடக்குறேன். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் உங்கிட்ட வரேன். கை, காலு எல்லாம் பாரு. ஏதாவது ஆயிருந்தா சொல்லு, நான் நெழலுக்கு வந்துடுறேன்."

மஞ்சுவுக்கு இது பிடித்திருந்தது. முதல் சுற்று முடிந்து தமிழ்மொழி வந்தாள். மஞ்சு அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். புறங்கையைப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"நாக்கக் காட்டு."

"நாக்கு எதுக்கு? அது வாய்க்குள்ளதான இருந்துச்சு."

"நீ பேசிக்கிட்டே நடந்தியே."

தமிழ்மொழி நாக்கை நீட்டினாள். மஞ்சு பார்த்து, "போ," என்று அனுமதி கொடுத்தாள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் பரிசோதனை நடந்தது. பஸ் வந்தபோது டிரைவர் வண்டியை நிறுத்தி, ஒருத்தி நாக்கை நீட்ட இன்னொருத்தி குனிந்து பார்ப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். உச்சி வெயிலில் மஞ்சு புடவையிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து நிழலைத் தாண்டி நீட்டினாள். காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு காலையும் நீட்டினாள்.

அடுத்த தடவை தமிழ்மொழி திரும்பியபோது, மரத்தடியில் புடவை மட்டும் கிடந்தது. மஞ்சு சோளத்தின் மறுகோடியில் சின்னக் கால்களை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். தனம் சலிப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சலித்தார்.

திங்கட்கிழமை காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே வியாபாரி வந்துவிட்டார். சோளத்தை அள்ளி முகர்ந்தார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். தமிழ்மொழியும் மஞ்சுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"காஞ்சிருக்கு. ஆனா வாடை இருக்குதும்மா. ரெண்டாந்தரமாத்தான் எடுக்க முடியும்."

"எடுத்துக்குங்க," என்றார் தனம்.

அவ்வளவுதான் சொன்னார். எத்தனை பேரிடம் 'மொதத் தரம், மொதத் தரம்' என்று சொல்லியிருந்தார். மூட்டைகள் வண்டியில் ஏறுவதைப் பார்த்தபடி தமிழ்மொழி நின்றாள். அந்த முதல் வெள்ளாமை இனி ஒருபோதும் முதல் தரமாகப் போக முடியாது. அடுத்த வருஷம் விளைவது இரண்டாவது வெள்ளாமைதான். மன்னிப்புக் கேட்டாலும், நாளெல்லாம் வெயிலில் நடந்தாலும் அதை மாற்ற முடியாது.

வண்டி போனதும் தனம் ஒரு முறத்தில் நல்ல சோளமாக எடுத்துக்கொண்டு தமிழ்மொழியிடம் வந்தார். "இந்தா, அம்மாட்ட குடு."

தமிழ்மொழி கையை நீட்டவில்லை. "வேணாம் அத்தை."

"மொத வெள்ளாமைய பக்கத்து வூட்டுக்குக் குடுக்காம இருப்பாங்களா? நீயும்தான கெளறுன. புடி."

வாங்கிக்கொண்டாள். முறம் கனமாக இருந்தது. வீட்டுக்குள் போன பிறகுதான் அழுதாள்.

அடுத்த வாரம் பெரம்பலூரில் மாவட்டப் போட்டி நடந்தது. தமிழ்மொழி 'கொஞ்சம்' என்று சொன்னாள். 'அழிக்கலாம்' என்று சொன்னாள். 'நமக்கு அவ்வளவு அருகில் அப்படி நட்சத்திரம் இல்லை' என்றும் சொன்னாள். ஓசோன் குடையில் ஒரே ஓர் ஓட்டை போட்டு, அதன் மேல் நீலத் தாள் ஒட்டி மூடியும் காட்டினாள். கையை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. பரிசு வேறு பள்ளிக்குப் போயிற்று. சுகன்யா டீச்சர் மட்டும் எழுந்து நின்று தட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தமிழ்மொழிக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் பரிசை நினைத்து அல்ல. இந்தப் பேச்சை முதல் தடவையே பேசியிருக்கலாமே என்றுதான்.

பஸ் நிறுத்தத்தில் மஞ்சு காத்துக்கொண்டிருந்தாள்.

"பரிசாக்கா?"

"இல்ல."

"யாராச்சும் பயந்தாங்களா?"

"ஒருத்தரும் பயப்படல. பின்வரிசையில ரெண்டு பேரு தூங்கிட்டாங்க."

மஞ்சு அதைக் கவனமாக யோசித்துப் பார்த்தாள்.

"அப்ப நல்லாத்தான் பேசியிருக்க," என்று சொல்லிவிட்டு, தமிழ்மொழியின் கையைப் பிடித்து வெயிலிலேயே வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.